குறுக்கே நின்ற வேன்

சரணாலயத்துக்குள் பார்வையாளர்களை ஏற்றிப் போகும் வேன் டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘கட்டைவண்டி’. காலையில் எல்லோருக்கும் முன்னால் கிளம்புவாள். எல்லோருக்கும் கடைசியில் திரும்புவாள். வழியில் ஓர் ஆமை குறுக்கே வந்தால் என்ஜினை அணைத்துவிட்டு, அது தன் சாவகாசத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை ஸ்டீயரிங்கில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருப்பாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கண்ணாடியில் ஒரு முறை முறைப்பாள். அத்தோடு ஹாரன் அடங்கிவிடும்.

“அக்கா வண்டியில ஏறினவன் போகும்போது பாத்த மான்குட்டிக்கு, வரும்போது கொம்பு முளைச்சிருக்கும்” என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வேகத்தை மட்டும் ஒரு பொட்டு கூட்டமாட்டாள்.

வாசலில் இருந்து ஓடைவரை புதர்க்காடு. ஓடைக்குமேல் ஒரு வேன் மட்டும் போகிற அகலத்தில் கல்பாலம். பாலத்தைத் தாண்டினால் புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் இடுப்பளவு புல். அதன் கடைசியில் பாறைக்குன்று. காலை வெயில் படும்போது அந்தப் புல் முழுக்க நனைந்த செம்பு மாதிரி மினுங்கும். காற்று ஓர் ஓரத்தில் புறப்பட்டு மறு ஓரம்வரை புல்லைத் தடவிக்கொண்டே போவதை வண்டியில் இருந்தபடி பார்க்கலாம். முதல் தடவை வருகிறவர்கள் பாலத்தின்மேல் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வாயாடிக் குடும்பங்கள்கூட.

அந்தப் புல்வெளியில்தான் நடைக்காரி இருந்தாள். புத்தகத்தில் அந்தப் பறவைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. டிரைவர்கள் வைத்த பெயர்தான் நடைக்காரி. ஆட்டுக்குட்டி உயரம், மண் நிறம். பறக்கத் தெரியும், ஆனால் அவசரம் என்றால்கூடப் பறக்க யோசிக்கும். தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்து, வீட்டுக்கார அம்மா தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல நடக்கும். வருஷத்துக்கு ஒரு முட்டை. கூடு என்று எதுவும் கட்டாது. வெறும் தரையில், புல்லுக்கு நடுவில், அப்படியே இட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். உலகத்திலேயே இப்படிக் கொஞ்சம்தான் மிச்சம் என்பார்கள். அதனால் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பாலத்தின் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறி நின்று தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘பாலத்துக்கு அப்பால் வாகனங்கள் செல்லக் கூடாது’ என்று டிக்கெட் கவுன்டருக்கு மேலேயே கொட்டை எழுத்தில் பலகையும் உண்டு. இதெல்லாம் ரகசியமில்லை. டிக்கெட் வரிசையில் அம்மா இடுப்பில் இருக்கிற கைக்குழந்தைக்கு மட்டும்தான் தெரியாது.

தெரிந்தும் போன வருஷம் மேனேஜர் சங்கிலியைக் கழற்றினார். யாரோ ஒரு வேண்டப்பட்டவருக்காக, “ஒரே ஒரு தடவை.” இரண்டு வேன்கள் புல்லை மிதித்துக்கொண்டு குன்றுவரை போய்விட்டுத் திரும்பின. கட்டைவண்டி அன்றைக்குத் தன் பயணிகளோடு மேட்டில் இருந்தாள். வேன்கள் போனபிறகு நடைக்காரி ஓர் இடத்துக்குத் திரும்பி வந்து, நின்று, குனிந்து பார்த்து, சுற்றிச் சுற்றி நடந்ததைத் தூரக்கண்ணாடியில் பார்த்தாள். மறுநாளும் அங்கேயே நடந்தது. அதற்கடுத்த நாளும். அது அழுததா கத்தியதா என்றால் ஒன்றுமில்லை. வெறுமனே நடந்தது. அந்த நடையை நினைத்தால் அவளுக்கு இப்போதும் அழுகை வரும். பிறகு அந்த அழுகை கோபமாக மாறும். அவளுக்கு எந்த உணர்ச்சியும் கடைசியில் கோபமாகத்தான் போய் முடியும் என்று அவள் புருஷன் சொல்வான்.

புருஷன் சரணாலயத்தின் விருந்தினர் விடுதியில் கேன்டீன் நடத்தினான். நல்ல சமையல்காரன், பயந்த சுபாவம். உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், உப்பே போடாத பாத்திரத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பான். அவனுடைய அக்கா வாசலில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாருக்குப் பயமும் கிடையாது, பேச்சில் உப்பும் குறையாது. பழைய மேனேஜரிடம் பேசி, தம்பி மனைவிக்கு இந்த டிரைவர் வேலையை வாங்கிக் கொடுத்தது அவள்தான். அதை மறக்க விடமாட்டாள். குடும்பத்தில் எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் “நான் மட்டும் அன்னைக்கு சொல்லலேன்னா” என்ற இடத்தில் வந்து நிற்கும்.

அன்று காலை மேனேஜர் டிரைவர்களை எல்லாம் ஆபீசுக்கு முன்னால் கூப்பிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

“தலைவர் வர்றாரு” என்றார். அந்தப் பகுதிக்கே தலைவர் அவர். ரோடு போடுவதில் இருந்து விளக்கு எரிவதுவரை அவர் கண்ணசைத்தால்தான் நடக்கும். “கூட வெளியூர் விருந்தாளிங்க. குன்றுப் பக்கம் சிறுத்தை குட்டி போட்டிருக்குல்ல, அதக் காட்டுறதா சொல்லியிருக்காரு. மூணு வேன் போகணும்.”

“பாலத்துக்கு அந்தப் பக்கமா சார்?” என்றாள் அவள்.

“பின்ன? சிறுத்தைய இங்க வரச்சொல்லி ஆள் அனுப்பட்டுமா?”

டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “ரேஞ்சர் சாருக்குத் தெரியுமா?”

“ரேஞ்சர் மீட்டிங் போயிருக்காரு. போன் எடுக்கல.” மேனேஜர் ஜேபியிலிருந்து பாலத்துப் பூட்டின் சாவியை எடுத்து ஒரு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். “ஒரே ஒரு தடவை. தலைவர் வீட்டம்மாவுக்கு முதுகுவலியாம், குலுங்காம ஓட்டணும். அதனால தலைவரும் அம்மாவும் உன் வண்டியில. நீதான் முன்னால போற.”

அவளுக்கு முடியாது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? வேனின் சாவியை வாங்கி அடுத்தவன் கையில் கொடுத்துவிடுவார். அவனும் ஓட்டுவான், பிள்ளைகுட்டிக்காரன், பாவம். கையில் ஸ்டீயரிங் இல்லாமல் முடியாது என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

“சரிங்க சார்” என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே இல்லை என்பது மேனேஜருக்கு உறைத்திருக்க வேண்டும். புதுச் சட்டை கசங்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் அவருக்கு உறைக்கவில்லை.

தலைவர் முன்சீட்டில் ஏறினார். வாட்டசாட்டமான ஆள், கலகலவென்று பேசினார். பின்னால் அவர் மனைவி முதுகுக்கு ஒரு தலையணையோடு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பெரிய பெரிய கேமராக்களோடு விருந்தாளிகள். அடுத்த வேனில் மேனேஜர். அதற்கும் பின்னால் இன்னொன்று.

புதர்க்காட்டைக் கடக்கும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ஒரு கீரி தன் குட்டிகளோடு ஓடியது. மரக்கிளையில் ஆந்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காததுபோல உட்கார்ந்திருந்தது. “இது நம்ம ஆபீஸ் ஆளுங்க மாதிரியே இருக்கே” என்றார் தலைவர். அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்களாகத்தான் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவள் எரிச்சல்தான் அதிகமானது. கெட்டவர்களாக இருந்து தொலைத்திருந்தால் வேலை சுலபம்.

பாலத்தில் மேனேஜர் இறங்கி ஓடிவந்து சங்கிலியைக் கழற்றினார். சலாம் போடாத குறையாக ஒதுங்கி நின்றார். அவள் வேனைப் பாலத்தின்மேல் ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள். முன்சக்கரத்தை ஒடித்துக் கைப்பிடிச் சுவரில் முட்டக் கொடுத்தாள். கியரில் போட்டாள், கைபிரேக்கை இழுத்தாள், என்ஜினை அணைத்தாள். சாவியை உருவி யூனிபார்ம் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினாள். அந்தப் பையில் கைவைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

எல்லோரும் ஏதோ மிருகம் வருகிறது என்று நினைத்தார்கள். கேமராக்கள் தயாராயின.

“எங்க?” என்றார் தலைவர் மெதுவான குரலில்.

“ஒண்ணும் இல்லீங்க. வண்டி இதுக்குமேல போகாது.”

“ரிப்பேரா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் போகமாட்டேன்.”

மேனேஜர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். “என்னம்மா ஆச்சு? எடு வண்டிய.”

“நடைக்காரி முட்டை போட்டிருக்கு சார். போனவாரம்தான் உக்காந்துச்சு. எந்த இடம்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலாவது ஒதுங்கிப் போகலாம்.”

“நீ பாத்து ஓட்டுவியே, அதுக்குத்தானே உன்ன அனுப்பினேன்!”

“போன வருஷம் ஓட்டினவங்களும் பாத்துத்தான் சார் ஓட்டினாங்க.”

மேனேஜரின் முகம் வெளுத்தது. தலைவர் கையமர்த்தி, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலப் பேசினார். “இத பாரும்மா. நான் இவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. ஒரு நாள் போறதால ஒண்ணும் ஆயிடாது.”

“நீங்க கொடுத்த வாக்குக்கு அது ஏங்க முட்டையக் கொடுக்கணும்?”

பின்சீட்டில் தலைவரின் மனைவி இருமினார். இருமலா, சிரிப்பை அடக்கியதா என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் சத்தம் பெரிதாகிவிட்டது. மேனேஜர் கத்தினார். பின்வேன் டிரைவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். அவர்கள் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். முகத்தில் அத்தனை கஷ்டம் தெரிந்தது, சக்கரத்தில் ஓர் அசைவும் தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் அசைந்தால்தானே வண்டி அசையும். ஒருவன் மூச்சு வாங்குவதுபோல நடித்து, குனிந்தபடி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

வெயில் ஏறியது. விருந்தாளிகள் இறங்கிப் பாலத்தோரம் நின்றார்கள். அப்போதுதான் புல்வெளியில் இருந்து அந்தக் குரல் வந்தது. வெறும் பானையின் வாய்க்குள் யாரோ ஊதுவதுபோல ஆழமான, கனத்த குரல். தூரத்தில் புல்லுக்குமேல் ஆண்பறவை ஒன்று நின்றிருந்தது. கழுத்துப்பையை வெள்ளைத் துணிமூட்டை மாதிரி ஊதிப் பெருக்கி, வாலை விரித்து, மொத்த வெளிக்கும் தான்தான் சொந்தக்காரன் என்பதுபோல மறுபடி ஊதியது. காற்று அந்தக் குரலைச் சுமந்துகொண்டு புல்லை வளைத்தபடி பாலத்துக்கு வந்தது. கேமரா வைத்திருந்தவர்கள்கூடப் படமெடுக்க மறந்து நின்றார்கள். தலைவரின் மனைவி தலையணையை அணைத்துக்கொண்டு, “அடேயப்பா” என்றார்.

தலைவர் மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் தான் ஒரு வேன் டிரைவரிடம் தோற்றுக்கொண்டிருப்பது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வந்து குனிந்தார். கலகலப்பு எல்லாம் வடிந்துபோன முகம்.

“நாளைக்கு இந்த வேலை உனக்கு இருக்காது.”

“இன்னைக்கு இருக்குல்லீங்க. அது போதும்.”

பின்னால் நின்ற வேன்களில் நெருக்கியடித்து ஏறி, பின்புறமாகவே தட்டுத்தடுமாறி அவர்கள் திரும்பிப் போனார்கள். கடைசி வேனின் சத்தம் அடங்கும்வரை அவள் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தாள்.

சாயங்காலமே வேலை போனது. யூனிபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நாத்தனார் கூடத்தில் நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாதியும் முன்னால் பாதியுமாக நின்றிருந்தான்.

“வாடியம்மா. தலைவர் வண்டியவே நிறுத்தினவ வர்றா, ஆரத்தி எடுக்க ஆள் இல்லையா?” என்றாள் நாத்தனார். “நான் மட்டும் அன்னைக்கு சொல்லலேன்னா உனக்கு அந்த வேலை ஏது? என் பேரச் சொல்லி வாங்கின வேலைய, என் பேரையும் சேத்துக் கெடுத்துட்டு வந்திருக்க.”

“அண்ணி, நீங்க தினமும் அந்தப் பலகைக்குக் கீழதானே உக்காந்திருக்கீங்க? அதுல என்ன எழுதியிருக்கு?”

“எழுதியிருக்கறதெல்லாம் நடக்கவா எழுதறாங்க? எழுதறவன் எழுதுவான். நம்ம குடும்பத்துக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை? கேன்டீனையும் புடுங்கினா என்ன செய்வே?”

“செய்யற வேலையச் செஞ்சேன் அண்ணி. பாத்து ஓட்டுன்னுதானே எனக்கு வேலை கொடுத்தாங்க. பாத்தேன். ஓட்டல.”

நாத்தனார் “திமிரு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். வாசல்வரை போய்த் திரும்பி, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தலைவர் சும்மா விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடி ஏற்பாடு செய்யச் சொன்னார். இப்போது சிறுத்தைக்குட்டிகள் அல்ல விஷயம். பாலத்தைத் தாண்டியாக வேண்டும், அவ்வளவுதான். மேனேஜர் டிரைவர்களைக் கூப்பிட்டார். ஒருவனுக்கு வயிற்றுவலி. ஒருவனுக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, ரோடே தெரியவில்லை. இன்னொருவன் தலையைச் சொறிந்துகொண்டு, “வீட்ல நாய் குட்டி போட்டிருக்கு சார், பக்கத்துல ஆள் இருக்கணும்” என்றான். கட்டைவண்டி என்று கேலி செய்தவர்கள்தான் எல்லோரும். அவளுக்காகச் செய்தீர்களா என்று அவர்களை யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் மேனேஜரே வண்டியை எடுத்துக்கொண்டு வழி பார்க்கப் போனார். அதற்குள் ரேஞ்சர் ஊர் திரும்பியிருந்தார். அதிகம் பேசாத மனிதர். நடந்ததைக் கேட்டதும் அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தன் ஆட்களை அழைத்துக்கொண்டு பாலத்தின் அந்தப் பக்க வாசலில் ஆளுயரப் பள்ளம் வெட்டச் சொல்லிவிட்டார். மேனேஜர் போனபோது ரேஞ்சர் பள்ளத்தின் கரையில் மண்ணில் உட்கார்ந்து, ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார். “மழைத்தண்ணி போக வழி வேணும்ல” என்றாராம்.

ஆனால் அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்க ரேஞ்சரால் முடியாது. வேன்கள் மேனேஜரின் பொறுப்பு. “மேல எழுதியிருக்கேன்மா. எனக்கே மாத்தல் வரும்னு பேச்சு இருக்கு” என்றார். மாற்றலைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரித்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் ஆளனுப்பினார். தலைவரின் ஆபீசில், நான்கு பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். கேட்காவிட்டால் கேன்டீனும் கிடையாது.

புருஷன் அன்றைக்குச் சமைத்ததில் உண்மையாகவே உப்பு இல்லை. “போய்ட்டு வரலாம்” என்றான் தட்டைப் பார்த்தபடி. “என்ன சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்க. ஆனா நானும் கூட வரேன்.”

தலைவரின் அறையில் குளிர்சாதனம் எலும்புவரை இறங்கியது. சுவர் முழுக்க அவர் யார்யாரோடோ கைகுலுக்கும் படங்கள். மேனேஜர் ஓரத்தில் நின்றார். கட்சிக்காரர்கள் சிலர் சோபாவில் இருந்தார்கள். ஒருவன் போனில் படம் பிடிக்கத் தயாராக இருந்தான்.

தலைவர் நிதானமாகத்தான் பேசினார். “உக்காரும்மா. எனக்கு உம்மேல கோபம் எதுவும் இல்ல. பத்துப் பேர் பாத்துட்டாங்க, அதான். ஒரு வார்த்த சொல்லிடு. மனசாரச் சொல்லணும்னுகூட இல்ல. வாய் வார்த்தை போதும்.”

“வாயும் என்னோடதுதாங்க” என்றாள் அவள்.

சோபாவில் ஒருவன் நிமிர்ந்தான்.

“அம்மாவ வெயில்ல காக்க வெச்சதுக்கு வருத்தப்படறேன். அவங்க முதுகுவலியோட இருந்தாங்க. அத அவங்ககிட்டயே சொல்லிக்கறேன். வண்டியக் குறுக்க நிறுத்தினதுக்கு மன்னிப்பு கேக்கமாட்டேன். நாளைக்கே வேலை கொடுத்து, நாளைக்கே பாலத்தத் தாண்டச் சொன்னாலும் குறுக்கதான் நிறுத்துவேன். இத நீங்க வேலை கொடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறதுதான் மரியாதை. அதுக்குத்தான் வந்தேன்.”

போன் பிடித்திருந்தவன் அதை மெதுவாகக் கீழே இறக்கினான். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் புருஷனைப் பார்த்தார். “யோவ், நீயாவது சொல்லு. கேன்டீன் வேணுமா வேணாமா?”

புருஷன் ஓர் அடி முன்னால் வந்தான். அவன் மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். கேட்டாலும் அவன்மேல் கோபப்படக் கூடாது என்று மனதைத் தயார்செய்துகொண்டாள்.

“கரண்டி என்னோடது சார்” என்றான் அவன். குரல் உடைந்து வந்தது. “அடுப்புதான் உங்களுது. அடுப்ப நீங்களே வெச்சுக்குங்க.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவன்போல அவள் முகத்தைப் பார்த்தான். இருவரும் வெளியே வந்தார்கள். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவனுக்குக் கையும் உதடும் நடுங்கின. கிளாசைப் பிடிக்க முடியவில்லை. அவள் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

“என்னங்க இது, இவ்வளவு பயத்தையும் வெச்சுக்கிட்டா அப்படிப் பேசினீங்க?”

“பேசினது நானான்னே தெரியலம்மா” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நல்லா இருந்துச்சில்ல?” என்று கேட்டான்.

அவள் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கஷ்டம் வராமல் இல்லை. கேன்டீன் போனது. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே புருஷன் அடுப்பைப் பற்ற வைத்தான். லாரிக்காரர்கள் உப்பு கூடிவிட்டது என்று சொன்னால் இப்போதெல்லாம், “அடுத்த தட்டுல கம்மியா போடறேன், இத சாப்பிடு” என்கிறானாம். அவள் காய்கறி லாரி ஓட்டப் போனாள். சந்தைக்கும் மண்டிக்குமாகத் தினமும் அலைச்சல். அந்த ரோட்டில் மெதுவாக ஓட்டினால் தக்காளி அழுகிவிடும் என்று முதலாளி அலறுவார். அவளும் வேகமாகவே ஓட்டினாள். வேறு வழியில்லை. இரவில் தோள்பட்டையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது சில நேரம் அழுகை வரும். அதுவும் வழக்கம்போலக் கோபமாக மாறி அடங்கும்.

ரேஞ்சருக்கு மாற்றல் வந்தது. பள்ளத்தை மூடச் சொல்லி அடுத்து வந்தவருக்கு வாய்மொழி உத்தரவும் வந்தது. ஆனால் விஷயம் அதற்குள் பரவிவிட்டிருந்தது. பாலத்தில் நின்ற விருந்தாளிகளில் ஒருவர், அந்த ஆண்பறவையின் குரலையும் குறுக்கே நின்ற வேனையும் படம் பிடித்ததை ஊருக்கே காட்டிவிட்டார். மூடினால் கேள்வி வரும் என்று புதியவரும் மூடவில்லை. தலைவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறந்துவிட்டதாக நடித்தார்.

குஞ்சு பொரிக்கும் மாதங்கள் முடிந்து பாலத்துச் சங்கிலியை அவிழ்ப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், லாரிக்கு ஓய்வு கிடைத்த ஒரு காலையில் அவள் புருஷனோடு சரணாலயத்தின் வாசலுக்குப் போனாள். வரிசையில் நின்றாள். கவுன்டரில் நாத்தனார்.

“எத்தன பேரு?” என்றாள் நாத்தனார், முன்பின் தெரியாதவளைக் கேட்பதுபோல.

“ரெண்டு பேரு அண்ணி.”

மேனேஜர் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு வேகமாக வந்தார். “இவளுக்கு டிக்கெட் கொடுக்காத. உள்ள விடக்கூடாது.”

நாத்தனார் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவரை அண்ணாந்து பார்த்தாள். “எங்க சார் எழுதியிருக்கு?”

“நான் சொல்றேன்ல?”

“இந்தப் பலகையில என்னென்னமோ எழுதியிருக்கு. குப்பை போடாதே, சத்தம் போடாதே, வண்டியப் பாலத்தத் தாண்டி விடாதே. என் தம்பி பொண்டாட்டிய விடாதேன்னு எங்கயும் இல்லையே. எழுதிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்.” டிக்கெட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். “போடி, உள்ள போ. பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

வரிசையில் நின்றவர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வயிற்றுவலிக்கார டிரைவரின் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து மேட்டுக்குப் போனார்கள். புல் இப்போது முதிர்ந்து வெளுத்திருந்தது. கதிர்களின் நுனியில் பனித்துளிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் மான்கூட்டம் ஒன்று தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. குன்றின் பாறைகளில் அப்போதுதான் வெயில் விழுந்தது. அவள் நெடுநேரம் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்திருந்தாள். பிறகு மூச்சைப் பிடித்தாள்.

நடைக்காரி போய்க்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாத நடை. நடைக்காரிக்குப் பின்னால் புல் அசைந்தது. புல் விலகிய இடத்தில், தாயின் கால் உயரம்கூட இல்லாத ஒரு குஞ்சு, எட்டி எட்டி வைத்து ஓடிவந்தது. தடுக்கி விழுந்தது. எழுந்து மறுபடி ஓடியது.

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றான் புருஷன்.

“பொறுங்க. அது நடந்து வரட்டும்.”

தூரக்கண்ணாடியை அவன் கண்ணில் வைத்துச் சரியாகப் பிடித்துக் கொடுத்தாள். பாலத்துக்கு அப்பால் அந்தப் பள்ளம் இன்னும் திறந்தே கிடந்தது. விளிம்பில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

திரும்பும்போது வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். “பாத்தாச்சில்ல? இனிமே இந்தப் பக்கம் வராத” என்றார்.

அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கவுன்டருக்குப் போய்க் குனிந்தாள்.

“அண்ணி, அடுத்த வாரத்துக்கும் ரெண்டு.”